புதிய இணையதளத்துக்கு லிங்க் சேர்ப்பது: வாங்குவதா, எழுதுவதா, விளம்பரம் கொடுப்பதா?

புதிதாக இணையதளம் தொடங்கியவருக்கு முதல் மாதத்திலேயே மெயில்கள் வர ஆரம்பித்துவிடும். உங்கள் தளத்துக்கு பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு) இல்லை, இவ்வளவு ரூபாய்க்கு இத்தனை லிங்க் தருகிறோம், சீக்கிரமே கூகுளில் முதல் பக்கம் என்று. தெரிந்தவர் ஒருவர் கெஸ்ட் போஸ்ட் எழுது, அதாவது இன்னொருவர் தளத்தில் கட்டுரை எழுது என்பார். இன்னொருவர் பேசாமல் கூகுளில் விளம்பரம் கொடு என்பார். கையில் இருப்பது கொஞ்சம் பணம், அதைவிடக் கொஞ்சம் நேரம். எதில் போடுவது என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். கடை வைத்திருப்பவர்கள், கிளினிக் நடத்துபவர்கள், தமிழில் எழுதுபவர்கள் என்று பல தரப்பினர். இவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆனால் யாருக்கு எது பொருந்தும் என்பதைத் தெளிவாகவே சொல்லிவிடலாம்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. உங்கள் தளம் கூகுளின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்கக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசம். அதில் தளத்தைச் சேர்த்து, சைட்மேப் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) கொடுத்து, பக்கங்கள் இன்டெக்ஸ் ஆகியிருக்கின்றனவா, அதாவது கூகுளின் பட்டியலில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தை இன்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் அங்கே இருக்கும். தளம் கட்டும்போது போட்ட அந்த டிக்கை எடுக்க மறந்துவிட்டால், எவ்வளவு லிங்க் சேர்த்தாலும் பயன் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் கூகுளைத் தொடங்கியபோது அவர்களுடைய அடிப்படை யோசனை எளிமையானது. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு ஓட்டு. மதிப்புள்ள பக்கம் போடும் ஓட்டுக்கு எடை அதிகம். இன்று கூகுள் பார்க்கும் பல விஷயங்களில் லிங்க்கும் ஒன்று, அவ்வளவுதான். ஆனாலும் முற்றிலும் புதிய தளத்துக்கு முதல் சில நல்ல லிங்க்குகள் பெரிய உதவி. கூகுள் உங்களைக் கண்டுபிடிப்பதே பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் பார்க்கிறேன்:

1. பணம், நேரம் இரண்டையும் சேர்த்தால் உண்மையில் என்ன செலவு?
2. பலன் எப்போது தெரியும்?
3. செலவை நிறுத்தினால் என்ன மிஞ்சும்?
4. கூகுளின் விதிகளை மீறுகிறதா?
5. அந்த லிங்க்கைக் கிளிக் செய்து யாராவது ஒரு மனிதர் உங்கள் தளத்துக்கு வருவாரா?

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். தேடுபொறி என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் இதைச் செய்வீர்களா என்று கூகுளின் பழைய வழிகாட்டியே தளக்காரர்களைக் கேட்டுக்கொள்ளச் சொன்னது. ஒரு லிங்க் நல்லதா கெட்டதா என்று குழம்பும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

| வழி | செலவு | பலன் தெரிய | நிறுத்தினால் | விதிமீறல் ஆபத்து | நேரடியாக ஆள் வருவாரா |
|---|---|---|---|---|---|
| லிங்க் வாங்குவது | பணம் | நிச்சயமில்லை | பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது | அதிகம் | அரிது |
| கெஸ்ட் போஸ்ட் | நேரம் | சில மாதங்கள் | கட்டுரை இருக்கும் | செய்யும் விதத்தைப் பொறுத்தது | நல்ல தளமானால் வருவார் |
| கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், டைரக்டரி | கொஞ்சம் நேரம் | சில வாரங்கள் | நிற்கும் | மிகக் குறைவு | வருவார், போன் செய்வார் |
| லிங்க் தேடி வரும் பக்கம் | நிறைய நேரம் | பல மாதங்கள் | நின்று வளரும் | இல்லை | வருவார் |
| செய்தியில் இடம்பெறுவது | நேரம், முயற்சி | சொல்ல முடியாது | நிற்கும் | விளம்பரக் கட்டுரையானால் உண்டு | ஒரு அலை போல வருவார் |
| கூகுள் விளம்பரம் | தொடர்ந்து பணம் | அன்றே | அன்றே நிற்கும் | இல்லை | வருவார் |

## லிங்க் வாங்குவது

அதிகம் பேர் விழும் இடம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

விற்பவர்கள் காட்டும் முதல் எண் டி.ஏ., அதாவது டொமைன் அத்தாரிட்டி. இது மோஸ் என்ற நிறுவனம் தானாகக் கணக்கிடும் மதிப்பெண். கூகுள் இதைப் பயன்படுத்துவதில்லை. ஒரு தளத்தின் டி.ஏ. 50 என்றால், மோஸின் கணக்குப்படி 50 என்று மட்டுமே பொருள். மலிவான லிங்க்குகளைக் குவித்து அந்த எண்ணை ஏற்றிவிட முடியும். அப்படி ஏற்றிய தளங்கள்தான் பெரும்பாலும் விற்பனைக்கு வருகின்றன.

இரண்டாவதாக, லிங்க் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பல பேக்கேஜ்களின் பின்னால் இருப்பது, காலாவதியான டொமைன்களை (தள முகவரிகளை) வாங்கி நடத்தும் தளக் கூட்டம். ஒரு காலத்தில் பள்ளிக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தமாக இருந்த பெயரில் இன்று சூதாட்டத்திலிருந்து சிறுநீரகக் கல் வரை எல்லாவற்றையும் பற்றிக் கட்டுரைகள் இருக்கும். பழைய டொமைனின் மதிப்பை இப்படிப் பயன்படுத்துவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பாம் (ஏமாற்று வேலை) தடுப்பு விதிகளில் தனியாகவே சேர்த்துவிட்டது.

மாட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவின் கடைச் சங்கிலியான ஜே.சி. பென்னி. 2010 கடைசியில், விழாக்கால விற்பனை நேரத்தில், உடை முதல் படுக்கை விரிப்பு வரை ஏராளமான பொதுச் சொற்களுக்கு அந்தக் கடைதான் கூகுளில் முதலிடம். 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் விசாரித்தபோது, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து அதற்கு லிங்க் போயிருப்பது தெரிந்தது. கூகுள் கைப்பட நடவடிக்கை எடுத்தது. ஒரு சூட்கேஸ் பிராண்டைத் தேடினால் முதலிடத்தில் வந்துகொண்டிருந்த கடை சில மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. இந்த லிங்க்குகளுக்குத் தாங்கள் அனுமதி தரவில்லை என்றது பென்னி. இருந்தாலும் தண்டனை அந்தத் தளத்துக்குத்தான். லிங்க் வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்தவர்கள் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்று நிலைமை வேறு மாதிரி மாறியிருக்கிறது. 2012 ஏப்ரலில் கூகுள் கொண்டுவந்த பெங்குவின் அப்டேட் என்ற மாற்றம் போலி லிங்க் வைத்திருந்த தளங்களைக் கீழே தள்ளியது. 2016 செப்டம்பரில் அது கூகுளின் மைய அல்காரிதத்தோடு (முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையோடு) சேர்ந்தபோது, தளத்தைத் தள்ளுவதைவிட அந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காமல் விடும் போக்கு வந்தது. 2022 டிசம்பரிலிருந்து, லிங்க் வாங்கும் தளம், விற்கும் தளம் இரண்டையும் அடையாளம் காண ஸ்பாம்பிரெய்ன் என்ற தானியங்கி முறையைப் பயன்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது.

சிறிய தளக்காரருக்கு இதன் விளைவு என்ன? பெரும்பாலும் தண்டனை வராது. பணம் மட்டும் போகும். போனதுகூடத் தெரியாது. நீங்கள் வாங்கிய லிங்க்குகளில் கூகுள் எதை எண்ணியது, எதை ஒதுக்கியது என்று எந்த ரிப்போர்ட்டும் காட்டாது. சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் பகுதியில் அவை வரிசையாகத் தெரியும். அங்கே தெரிவதால் அவற்றுக்கு எடை உண்டு என்று ஆகிவிடாது. இந்தத் தெரியாத்தனத்தில்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது.

மறைந்திருக்கும் செலவு இன்னும் இரண்டு. பல லிங்க்குகள் வருட வாடகைக்குத்தான். புதுப்பிக்காவிட்டால் எடுத்துவிடுவார்கள். அப்புறம், தளத்தை நாளைக்கு விற்க நினைத்தால், வாங்குபவர் முதலில் பார்ப்பதே இந்த லிங்க் வரலாற்றைத்தான்.

எப்போது சரி? ஒரு தளத்தில் விளம்பரமாக இடம் வாங்கி, அந்த லிங்க்குக்கு ஸ்பான்சர்டு என்ற குறியீடு போட்டால் அது முழுக்க விதிக்கு உட்பட்டது. அதற்கு ஓட்டு மதிப்பை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் உங்கள் வாடிக்கையாளர்கள் தினமும் படிக்கும் தளம் என்றால், ஆள் வருவதற்காகவே பணம் கொடுக்கலாம். ரேங்க்குக்காக வாங்குவதற்கு ஏற்ற சூழ்நிலை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

## கெஸ்ட் போஸ்ட்

இன்னொருவர் தளத்தில் கட்டுரை எழுதி, அங்கிருந்து நம் தளத்துக்கு ஒரு லிங்க். 2014 ஜனவரியிலேயே, அப்போது கூகுளின் ஸ்பாம் தடுப்பு அணியை நடத்திய மேட் கட்ஸ், லிங்க்குக்காகக் கெஸ்ட் போஸ்ட் எழுதுவதை நிறுத்திவிடுங்கள் என்று வெளிப்படையாக எழுதினார். அவர் பேசியது, ஒரே கட்டுரையைக் கொஞ்சம் மாற்றி முப்பது தளத்துக்கு அனுப்பி, ஒவ்வொன்றிலும் ‘சென்னையில் சிறந்த பல் மருத்துவர்’ போன்ற சொற்களில் லிங்க் வைக்கும் வேலையைப் பற்றி. அது இன்றும் விதிமீறல்தான்.

வேறொரு வகை இருக்கிறது. ஒரு ஆடிட்டர், சிறுதொழில் சங்கம் ஒன்றின் தளத்தில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் பற்றி எழுதுகிறார். கீழே அவர் பெயர், அலுவலகத் தளத்தின் லிங்க். படிப்பவர்கள் எல்லோரும் அவருக்கு வாடிக்கையாளர் ஆகக்கூடியவர்கள். அந்த லிங்க்குக்கு நோஃபாலோ (ஓட்டாக எண்ண வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு) போட்டிருந்தாலும் அவருக்கு நஷ்டம் இல்லை.

இதன் உண்மையான செலவு நேரம். நன்றாக எழுதிய ஒரு கட்டுரையை அடுத்தவர் தளத்துக்குக் கொடுத்துவிட்டால் உங்கள் தளத்துக்கு அது கிடையாது. தளம் காலியாக இருக்கும்போது முதல் நல்ல கட்டுரைகளை வெளியே கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் பெயரே தொழிலாக இருக்கிறது, உங்கள் துறையினர் கூடும் தளம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்றால் மட்டும் இந்த வழி.

## கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், டைரக்டரிகள்

கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடையைப் பற்றி வரும் தகவல் பக்கம்தான் பிசினஸ் ப்ரொஃபைல். டைரக்டரி என்பது தொழில்களைப் பட்டியலிடும் தளம். ஊரைச் சேர்த்துத் தேடப்படும் எந்தத் தொழிலுக்கும் முதல் வேலை இதுதான். பல் டாக்டர், ஏ.சி. மெக்கானிக், மணமகள் அலங்காரம், தண்ணீர் லாரி எல்லாம் இதில் அடக்கம். இப்படித் தேடும்போது மேப்புடன் வரும் முடிவுகளைக் கூகுள் மூன்று விஷயங்களை வைத்து வரிசைப்படுத்துகிறது: தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு பிரபலம். தூரத்தை உங்களால் மாற்ற முடியாது. மற்ற இரண்டில் உழைக்கலாம்.

ப்ரொஃபைல் இலவசம். சரியான வகையைத் தேர்ந்தெடுங்கள். வேலை நேரம், சொந்தமாக எடுத்த போட்டோக்கள், தளத்தின் முகவரி எல்லாவற்றையும் நிரப்புங்கள். கடையின் பெயரோடு ‘மதுரை சிறந்த மலிவு’ என்று சொற்களைச் சேர்க்காதீர்கள். அதற்காகவே ப்ரொஃபைலை முடக்குவார்கள். ரிவ்யூ கேட்கலாம், ஆனால் பணமோ தள்ளுபடியோ கொடுத்துக் கேட்கக் கூடாது. வந்த ரிவ்யூவுக்கெல்லாம் பதில் எழுதுங்கள்.

ஜஸ்ட்டயல், சுலேகா, இந்தியாமார்ட் போன்ற பட்டியல்களில் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். மறைவான செலவு என்றால், டைரக்டரிகளில் பதிந்த பிறகு கட்டணத் திட்டம் விற்க வரும் அழைப்புகள்தான். மக்கள் உண்மையில் பார்க்கும் நான்கைந்து இடங்கள் போதும். 500 டைரக்டரியில் பதிந்து தருகிறோம் என்பவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அந்த 500-இல் ஒன்றைக்கூட நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

ஒரு எல்லையும் உண்டு. தமிழில் சமையல் எழுதும் தளத்துக்கோ, ஆன்லைனில் மட்டும் விற்பவருக்கோ இந்த வழி உதவாது. வாடிக்கையாளரை நேரில் சந்திக்காத தொழிலுக்குப் ப்ரொஃபைல் கொடுக்கக் கூகுள் விதி இடம் தருவதில்லை.

## லிங்க் தேடி வரும் பக்கம்

நல்லதாக எழுதுங்கள், லிங்க் தானாக வரும் என்று பலரும் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. நன்றாக எழுதிய கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு லிங்க் வருவதே இல்லை. படித்துவிட்டுப் போய்விடுவார்கள். லிங்க் கொடுப்பவர் யார், எதற்குக் கொடுப்பார் என்று யோசித்து எழுதினால்தான் வரும். தன் பக்கத்தில் ஒரு விஷயத்தை முழுக்க விளக்க நேரமில்லாதவர், ‘விவரத்துக்கு இங்கே பாருங்கள்’ என்று கைகாட்டுவதற்கு ஒரு இடம் தேடுவார். அந்த இடமாக உங்கள் பக்கம் இருக்க வேண்டும்.

பத்திரம் எழுதும் தொழிலில் இருப்பவர் ஒரு தளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘நிலம் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை’ என்று கட்டுரை எழுதினால் அது ஆயிரத்தில் ஒன்று. அதற்குப் பதில் நில அளவுகளுக்கு ஒரு பக்கம் போடலாம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400. ஒரு ஏக்கர் 100 சென்ட். இதுவரை எங்கும் கிடைக்கும். ஆனால் பழைய தஞ்சாவூர்ப் பத்திரத்தில் மா, வேலி என்று இருக்கும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. குழி என்பது பல இடங்களில் 144 சதுர அடி, ஆனால் ஊருக்கு ஊர் மாறும். எந்த வட்டாரத்தில் எந்தக் குழி என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத்தான் தெரியும். அதைச் சேகரித்து, எண்ணைப் போட்டால் மாற்றிக் காட்டும் ஒரு கால்குலேட்டரோடு போட்டால், வக்கீல்கள், தரகர்கள், சொத்துப் பாகப்பிரிவினை பற்றி எழுதுபவர்கள், வெளிநாட்டிலிருந்து பூர்வீக நிலத்தைப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தேவைப்படும். லிங்க் கொடுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

உங்கள் தொழிலுக்கும் அப்படி ஒன்று இருக்கும். மோட்டார் கடைக்காரருக்குப் போர்வெல் ஆழத்துக்கு எத்தனை ஹெச்.பி. என்ற அட்டவணை. நர்சரிக்காரருக்கு எந்த மாதம் எந்த விதை என்ற பட்டியல். தினமும் கடைக்கு வருபவர்கள் உங்களிடம் கேட்கும் கேள்விகளில் எதற்கு இணையத்தில் சரியான பதில் இல்லை என்று பாருங்கள். தமிழில் இந்த இடைவெளிகள் இன்னும் நிறையவே இருக்கின்றன. ஆங்கிலத்தில் இதே வேலைக்கு எவ்வளவோ போட்டி.

பக்கம் போட்டபின் சும்மா இருக்கக் கூடாது. தேவைப்படக்கூடியவர்களுக்கு ஒருவர் ஒருவராகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது ஓட்டாக எண்ணப்படாது, ஆனால் லிங்க் கொடுக்கக்கூடியவர்கள் கண்ணில் பட அதுவே வழி. விக்கிப்பீடியாவில் போய் உங்கள் லிங்க்கைச் சேர்க்க வேண்டாம். அங்கே வெளி இணைப்புகளுக்கு நோஃபாலோ போட்டுவிடுகிறார்கள். சொந்த விளம்பரம் என்று தெரிந்தால் நீக்கியும் விடுவார்கள்.

செலவு என்றால் நேரம்தான், அது நிறையவே ஆகும். அட்டவணை பழசானால் திருத்த வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேள்விக்கான பதிலைக் கூகுளே மேலே ஏ.ஐ. சுருக்கமாகக் காட்டும் முறை 2024-இல் இந்தியாவுக்கும் வந்தது. ஒரு வரியில் முடியும் பதிலுக்காக மட்டும் பக்கம் போட்டால் ஆள் உள்ளே வரமாட்டார். கால்குலேட்டர், வட்டாரத் தகவல், நீங்களே சேகரித்த விலைப் பட்டியல் போன்றவற்றுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

## செய்தியில் இடம்பெறுவது

கிடைத்தால் மிக நல்லது, திட்டமிட்டுப் பெறுவது கடினம். தமிழ்ச் செய்தித் தளங்கள் பெயர் போட்டாலும் பல நேரம் லிங்க் போடுவதில்லை. அதனால் வருத்தப்படத் தேவையில்லை. படித்தவர்கள் உங்கள் பெயரைப் போட்டுத் தேடுவார்கள். லிங்க் கேட்டு நிருபருக்கு மரியாதையாக ஒரு மெயில் போடலாம்.

காசு கொடுத்துச் செய்தி போல வரும் கட்டுரை வேறு விஷயம். 2013 பிப்ரவரியில் பிரிட்டனின் பூங்கொத்து நிறுவனமான இன்டர்ஃப்ளோரா, கூகுளில் தன் சொந்தப் பெயரைத் தேடினால்கூட வராமல் போனது. உள்ளூர்ப் பத்திரிகைத் தளங்களில் விளம்பரக் கட்டுரைகள் வழியாக லிங்க் பெற்றதுதான் காரணம் என்று துறையில் இருப்பவர்கள் சொன்னார்கள். பூ வியாபாரத்தின் உச்சமான, பிரிட்டனில் கொண்டாடும் அன்னையர் தினத்துக்குச் சில வாரங்களே இருந்தன. சுமார் 11 நாளில் அது திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தால் அவசரமாக லிங்க்குகளை நீக்க முடிந்தது. உங்களிடமும் என்னிடமும் அதற்கு ஆளில்லை.

## கூகுள் விளம்பரம்

விளம்பரம் கொடுப்பதால் சாதாரணத் தேடல் முடிவில் உங்கள் இடம் உயராது. இரண்டும் தனித்தனி. பணம் நிற்கும் நாளில் வரவும் நிற்கும். ஆனாலும் புதிய தளத்துக்கு இதில் அதிகம் பேசப்படாத ஒரு பயன் உண்டு. மக்கள் என்ன சொல்லைத் தட்டச்சு செய்து உங்களிடம் வந்தார்கள், அதில் எந்தச் சொல்லுக்கு வந்தவர்கள் போன் செய்தார்கள் என்று ரிப்போர்ட் காட்டும். எந்தப் பக்கத்தை எழுதினால் பலன் என்பதைச் சில வாரத்தில் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு செட்டிங்கை அவசியம் மாற்றுங்கள். இடத்தைத் திருநெல்வேலி என்று போட்டாலும், அங்கே இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களுக்கும் காட்டு என்பதுதான் முதலில் தேர்வாகியிருக்கும். அந்த இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றாவிட்டால் டெல்லியிலிருந்து வரும் கிளிக்குக்கும் பணம் போகும். பட்ஜெட்டுக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அட்மிஷன் நேரம், திருமண சீசன், புதுக் கடைத் திறப்பு போலக் குறிப்பிட்ட தேதிக்குள் ஆள் வர வேண்டும் என்றால் இதைவிட்டால் வேறு வழி இல்லை. குறைந்த லாபத்தில் சின்னப் பொருள் விற்பவர் ஒரு கிளிக்கின் விலையை ஒரு விற்பனையின் லாபத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

## யார் எதை எடுக்கலாம்

ஊருக்குள் தொழில் செய்பவர்: ப்ரொஃபைலும் டைரக்டரியும் முதலில். ரிவ்யூ சேரும்வரை சின்ன அளவில் விளம்பரம். பிறகு உங்கள் தொழிலுக்கான ஒரே ஒரு நல்ல அட்டவணைப் பக்கம்.

தமிழில் எழுதும் தளம்: விளம்பரம் வேண்டாம், டைரக்டரி வேண்டாம். கிடைக்கும் நேரம் முழுவதும் லிங்க் தேடி வரும் பக்கங்களுக்கே.

ஆலோசகர், ஆடிட்டர், வக்கீல், பயிற்சி தருபவர்: சொந்தத் தளத்தில் சில பக்கங்கள் நிரம்பியபின் துறைத் தளங்களில் கெஸ்ட் போஸ்ட். வக்கீல்கள் மட்டும் பார் கவுன்சிலின் விளம்பரக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொண்டு எழுத வேண்டும்.

ஆன்லைன் கடை: விளம்பரத்தில் சொற்களைக் கற்றுக்கொண்டு, அந்தச் சொற்களுக்கு வழிகாட்டிப் பக்கங்கள்.

ஏஜென்சியிடம் கொடுப்பதாக இருந்தால், எஸ்.இ.ஓ. (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும்) வேலையின் பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்று கூகுளே சொல்லியிருப்பதை நினைவில் வையுங்கள். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பதும் கூகுள் சொல்வதுதான். டொமைன், சர்ச் கன்சோல், பிசினஸ் ப்ரொஃபைல் மூன்றும் உங்கள் மெயில் ஐடியில் இருக்கட்டும். ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். எந்தத் தளங்களில் லிங்க் போட்டார்கள் என்ற பட்டியலை மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். பட்டியல் தர மறுப்பவரோடு தொடர வேண்டாம்.

ஏற்கெனவே லிங்க் வாங்கிவிட்டேன், இப்போது என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: சர்ச் கன்சோலில், கூகுள் கைப்பட எடுத்த நடவடிக்கையைக் காட்டும் மேனுவல் ஆக்‌ஷன் பகுதியைப் பாருங்கள். அங்கே எதுவும் இல்லையென்றால் வாங்குவதை நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கலாம். அந்த லிங்க்குகளை மறுக்க டிஸவோ என்ற கருவி 2012 முதல் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான தளங்களுக்கு அது தேவைப்படாது என்று கூகுள் சொல்கிறது. அவசரப்பட்டு நல்ல லிங்க்கையும் சேர்த்து மறுத்துவிடும் ஆபத்தும் உண்டு. இயல்பற்ற லிங்க்குகள் என்று அறிவிப்பு வந்திருந்தால், விற்றவரிடம் சொல்லி எடுக்க முடிந்ததை எடுங்கள். மீதியை டிஸவோவில் போடுங்கள். என்ன நடந்தது, என்னென்ன செய்தீர்கள் என்று மறைக்காமல் எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். பதில் வரச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். பதில் வருவதற்குள் அதே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம்.